அத்தான், பீரோ!

1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தத்தின்போது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் எங்கள் தூத்துக்குடியில் கூட்டம் கூட்டிப் பேசினார்கள். ஒலிபெருக்கி கிடையாது. பேசியதற்கு ஒருவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, இன்னொருவருக்குப் பத்து ஆண்டு. அதே ஊரில், மேலாளரின் பணி ஓய்வு விழாவில் இரண்டு நிமிடம் வாழ்த்திப் பேச எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பேசிப் பழகச் சொல்லி மகன் ஒரு வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடியை மாட்டிவிட்டான். வீடு மறைந்து மண்டபம் வந்தது. வரிசையாகக் கோட்டுப் போட்ட ஆட்கள். பொம்மைகள்தான். தெரிந்தும் உள்ளங்கை வேர்க்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் இதைச் சோதித்து 2002-இல் எழுதியிருக்கிறார்கள்: சலித்துக் கொட்டாவி விடும் கணினிப் பொம்மைகளுக்கு முன்னால், மேடைக்கு அஞ்சாதவர்களுக்கும் பதற்றம் வந்ததாம். இதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டாள்.

கண்ணாடிக்குள் போனவனுக்குச் சுவரும் தெரியாது, பீரோவும் தெரியாது. எங்கள் கடற்கரையில் முத்துக் குளிக்க இறங்குகிறவர், மேலே கயிறு பிடிக்க மச்சினனைத்தான் நிறுத்துவார் என்பார்கள். அக்கா தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது, விட மாட்டான். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சம்பிரதாயம் மட்டும் எங்கள் ஹாலில் தொடர்கிறது. மச்சினன் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். “பெரியோர்களே!” என்று கையை வீசினால், “அத்தான், பீரோ!” என்று இழுக்கிறான்.

கோட்டுக்காரர்கள் அசையவில்லை. எந்த ஊர்க் கூட்டமய்யா இது? “மைக் கேக்கல” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் இல்லை. எந்தப் பாட்டியும் நடுவில் எழுந்து பேரனைத் தேடவில்லை. நம் மண்டபத்தில் மட்டன் வாசம் வந்த நொடியில் வாழ்த்துரை முடிந்துவிடும், பேசுகிறவர் முடிக்காவிட்டாலும். பந்திக்கு ஓடும் கூட்டத்தைச் சமாளிக்கப் பழக இந்தக் கண்ணாடியில் பொத்தானே இல்லை.

நேற்று நன்றாகத்தான் போனது. ‘மேலாளரின் அப்பழுக்கற்ற சேவை’ வரை வந்துவிட்டேன். அப்போது ஒரு பெண்குரல்: “சிலிண்டர் தீந்துட்டு, புக் பண்ணுனியளா?”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோட்டுக்கார அம்மாள்தான் கேட்கிறார் என்று நினைத்து, “நல்ல கேள்வி. உரையின் முடிவில் பதில் சொல்கிறேன், அம்மா” என்றேன்.

மச்சினன் சட்டையை விட்டுவிட்டான்.