கோயம்புத்தூரைத் தீவு என்று அறிவிக்க வேண்டி ஒரு மனு

பெறுநர்:
போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: வெளிமாநிலத்துப் பழைய பெரிய கார்கள் – மறுபதிவும் வாழ்நாள் வரியும் – கோயம்புத்தூரைத் தீவு என்று அரசிதழில் வெளியிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கோயம்புத்தூரைச் சுற்றிக் கடல் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது தப்பு. பழைய கார் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைச் சீக்கிரமே தெரிந்துகொள்கிறார்கள். கேரள எல்லையிலுள்ள வாளையாறு எங்கள் மேற்குக் கடற்கரை. திம்பம் ஏறி ஆசனூரைத் தாண்டினால், கர்நாடகம் தொடங்கும் வடகரை. பாலக்காடு இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கொச்சி 200 கிலோமீட்டருக்குள். சொந்த மாநிலத்துத் தலைநகரமோ 500 கிலோமீட்டர். பழைய கார் தேடுகிறவர் கண் எல்லைக்கு அப்பால் போவது இயல்பு. ஸ்கோடா சூப்பர்ப், டொயோட்டா கேம்ரி, பென்ஸ் ஈ கிளாஸ் போன்ற பெரிய செடான்கள் புதிதாக இருக்கும்போது முதலாளிமார் வாங்குவது. ஏழெட்டு வருடம் ஓடியபின் விலை தடதடவென்று விழுந்து, புதிய நடுத்தரக் கார் ஒன்றின் விலைக்கு வந்து நிற்கும். கணக்குப் பார்த்துப் புழங்கும் கொங்குச் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு ஏது? ஆனால் இங்கே புரோக்கரிடம் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி இன்ஜினைப் பற்றியது அல்ல. "டிஎன் வண்டிங்களா, வெளி வண்டிங்களா?" என்பதுதான். வெளி வண்டி என்றால் அதே மாடல், அதே வருடம், அதே ஓட்டம், விலை மட்டும் குறைவு. அந்த வித்தியாசம் இரும்பின் தரத்தில் இல்லை. கரை ஏற்றும் செலவில் இருக்கிறது. ஆகவே நடைமுறையில் நீங்கள் உண்டாக்கியிருக்கும் தீவை முறைப்படி அறிவித்துவிட்டால், ஒரு கலங்கரை விளக்கமாவது கேட்டு வாங்கிக்கொள்வோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, வேறு மாநிலத்து வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் இங்கத்திய பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது. 48-ஆம் பிரிவு, அதற்கு முன்னால் பழைய ஊர் அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கு என்கிறது. வரி பாக்கி இல்லை, கடன் பாக்கி இல்லை, திருட்டு வழக்கு இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம். அதே பிரிவில் ஓர் அருமையான வாசகமும் உண்டு: மனுப் போட்டு 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் சான்று கொடுத்ததாகவே கொள்ளப்படும். சட்டம் இயற்றியவர்களின் நல்ல மனசுக்கு நன்றி. வராத பதிலை எந்த உறையில் போட்டு எந்த ஜன்னலில் நீட்டுவது என்பதை மட்டும் அவர்கள் எழுதாமல் விட்டுவிட்டார்கள். இத்தனையும் முடிந்து வண்டி நம் ஊர் அலுவலகத்துக்கு வந்தால், சேஸிஸில் பொறித்த எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். குழந்தைகள் காசின்மேல் தாளை வைத்துத் தேய்த்து விளையாடும் அதே வித்தை. அந்த வண்டியின் உரிமையாளர், இன்ஜின் எண், காப்பீடு எல்லாம் மத்திய அரசின் 'வாகன்' தளத்தில் கிடக்கின்றன. 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமான ஃபாஸ்டேக், அது எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்று நொடிக்கணக்கில் சொல்கிறது. நாட்டுக்கே அடையாளம் தெரிந்த வண்டியை வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

காகிதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வரிதான் விஷயம். 2023 நவம்பரில் வாழ்நாள் வரியை உயர்த்தினீர்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 15 சதவீதமாக இருந்தது, 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஆனது. புதிய கார் வாங்குபவர் கட்டட்டும், வழக்கில்லை. ஆனால் வெளிமாநிலத்துப் பழைய வண்டி மறுபதிவுக்கு வரும்போது அது இன்று என்ன விலை பெறும் என்று நீங்கள் கேட்பதில்லை. பிறந்த அன்றைக்கு என்ன விலை என்று கேட்கிறீர்கள். புதிதில் 50 லட்சமாக இருந்து இன்று 14 லட்சத்துக்குப் பேசி முடித்த வண்டி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பதிவேட்டில் அது இன்னமும் 50 லட்சத்து வண்டிதான், மேல் அடுக்கு வரிக்காரன்தான். வயதுக்கு ஒரு கழிவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சந்தையில் விலை சரியும் வேகத்துக்கு அந்தக் கழிவால் ஓடிவர முடிவதில்லை. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குக் கேரள, கர்நாடக வியாபாரிகள் வாரம் தவறாமல் வருகிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து, வயசைத் தெரிந்து, இன்றைய விலையைத் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிறார்கள். கன்றாக இருந்தபோது என்ன விலை என்று எவரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

பயன்படுத்திய பொருளுக்கு எப்படி வரி போடுவது என்று அரசாங்கங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 55-ஆவது கூட்டம், பதிவு பெற்ற வியாபாரிகள் விற்கும் பழைய கார்களுக்கு 18 சதவீதம் என்று முடிவு செய்தது. எதன்மேல்? முழு விலையின்மேல் அல்ல, வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்தின்மேல் மட்டும். லாபம் இல்லையென்றால் வரியும் இல்லை. தனி மனிதர் தனி மனிதருக்கு விற்றால் அந்தப் பேச்சே இல்லை. வண்டி புதிதாக விற்றபோதே வரி வாங்கியாயிற்று என்ற எளிய நியாயம் அங்கே எடுபட்டிருக்கிறது. அந்தக் கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஒரே அரசு, ஒரே பழைய காரை, ஒரு மேசையில் தேய்ந்த பொருள் என்றும் இன்னொரு மேசையில் பிறந்த குழந்தை என்றும் பார்க்கிறது.

"பழைய மாநிலத்தில் கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமே" என்பீர்கள். விதி இருக்கிறது. முதலில் இங்கே கட்டு, புதிய பதிவுச் சான்றை எடுத்துக்கொண்டு அங்கே போய் மனுப் போடு என்கிற விதி. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அங்கே வரி கட்டியவர் விற்றவர். இங்கே இரண்டாம் முறை கட்டுபவர் வாங்கியவர். வண்டி கைமாறி, பணம் கைமாறி, விற்றவர் வேறு வண்டியில் போய்க்கொண்டிருப்பார். எவ்வளவு திரும்ப வரும், யாருக்கு வரும், எப்போது வரும் என்று தெரியாத தொகையை எந்தப் புரோக்கர் விலையில் கழித்துப் பேசுவார்? பழைய மாநிலம் வைத்துக்கொள்கிறது, புதிய மாநிலம் வாங்கிக்கொள்கிறது, சாலையோ அதே பழைய சாலை.

நிஜத் தீவுகளின் கதை இதைவிடத் தெளிவு. அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை 2020 மார்ச்சில் கார் இறக்குமதியை நிறுத்தி, 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி கதவைத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே ஓடித் தேய்ந்த டொயோட்டா பிரீமியோக்களும் ஆலியன்களும் தாங்கள் வாங்கப்பட்ட விலையையே தாண்டின. பழைய காரின் விலை அதன் தரத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, எத்தனை வண்டி கரையேற விடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் நாட்டின் அந்தமானுக்குக் கார் கப்பலில் போக வேண்டும், அது இயற்கை செய்த தடை. அங்கிருந்து கோவைக்கு வரும் வண்டிக்கும் பாலக்காட்டிலிருந்து வரும் வண்டிக்கும் உங்கள் அலுவலகத்தில் ஒரே நடைமுறைதான். வங்காள விரிகுடாவையும் வாளையாற்றையும் சமமாகப் பாவிக்கும் இந்தச் சமத்துவம் வேறெந்தத் துறையிலும் காணக் கிடைக்காது.

இனி உங்கள் தரப்பு. கரையைத் திறந்துவிட்டால் எல்லோரும் வரி குறைந்த புதுச்சேரியில் பதிந்துகொண்டு இங்கே ஓட்டுவார்கள் என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கவலைதான். 2017-இல் கேரளத் திரையுலகப் பிரபலங்கள் சிலரின் சொகுசுக் கார்கள் புதுச்சேரி எண்ணில் ஓடியது பெரிய விவகாரமாக வெடித்தது. ஆனால் அது புதிய காரில் செய்யும் தந்திரம். கேரளத்தின் வரி விகிதம் நம்முடையதற்கு இளைத்ததல்ல. அங்கே ஆண்டுக்கணக்கில் ஓடி, முழு வரி கட்டிய வண்டியைக் கோவைக்காரர் வாங்குவதில் ஏய்ப்பு எங்கே இருக்கிறது? திருடனைப் பிடிக்க வைத்த வலையில் சம்சாரியைச் சிக்கவைப்பதற்குப் பெயர் வரி நிர்வாகம் அல்ல.

டெல்லியின் கழிவு டீசல் வண்டிகள் இங்கே வந்து குவியும் என்பது இரண்டாவது. 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்கள் தலைநகரில் ஓடக் கூடாதென்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபின், நல்ல நிலையிலுள்ள பெரிய டீசல் செடான்கள் அங்கே மலிந்ததும் அவை தெற்கே வந்ததும் உண்மை. (அண்மையில் அந்த விதியில் தளர்வுகள் வந்திருக்கின்றன.) புகைதான் கவலை என்றால் புகையை அளக்க வேண்டும். வரி கட்டியதும் வண்டி புகைவிடுவதை நிறுத்திக்கொள்வதில்லை. திருட்டு வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி வந்துவிடுமென்பதும் இதே ரகம். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ சொகுசுக் கார்கள் கழுத்தளவு நீரில் நின்றன. அப்படி நின்ற வண்டி ஒன்றைத் துடைத்து மினுக்கிக் கோவைக்குக் கொண்டுவர எந்தத் தடையில்லாச் சான்றும் வேண்டியதில்லை, சொந்த மாநிலத்து வண்டி. நனையாத பாலக்காட்டு வண்டிக்குத்தான் அத்தனை சோதனையும்.

பென்ஸ் வாங்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு பாரமா என்று கேட்பவர்களும் உண்டு. 14 லட்சத்துக்குப் பழைய பென்ஸ் வாங்குகிறவரும் 14 லட்சத்துக்குப் புதிய கார் வாங்குகிறவரும் ஒரே வசதிக்காரர்கள்தாம். ஒருவரிடம் அவர் கொடுத்த விலைக்கு வரி, மற்றவரிடம் எவரோ ஒருவர் எப்போதோ கொடுத்த விலைக்கு வரி.

தீர்வு தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வாளையாற்று வணிகவரிச் சோதனைச்சாவடியை மூடினார்கள். ஒரு மாநிலத்தில் வாங்கிய வரி சரக்கு போய்ச் சேரும் மாநிலத்துக்கு அரசாங்கங்களுக்குள்ளேயே கணக்குத் தீர்க்கப்படுகிறது, லாரிக்காரர் அதற்காக இரண்டு ஊருக்கு அலைவதில்லை. கோவை உக்கடத்திலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்து போகிறதே, அதற்கும் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டுத்தான் வைத்திருக்கின்றன. வாகன வரி அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனம் என்பது தெரியும்; அந்த வரிக்கான கோட்பாடுகளை வகுக்கும் அதிகாரம் பொதுப் பட்டியலின் 35-ஆவது இனத்தில் இருப்பதும் தெரியும். 2018-இல் மாநிலப் போக்குவரத்து அமைச்சர்கள் குழு ஒன்று, நாடெங்கும் 10 லட்சம் வரை 8, 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 சதவீதம் என்று ஒரே மாதிரி வரி போடலாமெனப் பரிந்துரைத்தது. அது நடந்திருந்தால் புதுச்சேரித் தந்திரத்துக்கே வேலை இருந்திருக்காது. அந்த விகிதம் 2021-இல் வந்த பிஹெச் (பாரத்) பதிவெண்ணில் அப்படியே இடம்பிடித்தது. இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டினால் போதும், மாநிலம் மாறினாலும் மறுபதிவு இல்லை. மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் அது கிடைக்கும். பீளமேட்டில் பம்பு செய்து நாடெங்கும் அனுப்பும் பட்டறைக்காரருக்குக் கிடையாது.

ஆகவே ஐயா, வரியைக் கைவிடுங்கள் என்று கேட்கவில்லை. முதற்படியாகக் கேரளத்தோடும் கர்நாடகத்தோடும் ஓர் ஒப்பந்தம் போடுங்கள்: வண்டி எல்லை தாண்டிக் கைமாறும்போது, மீதிக் காலத்து வரியை அந்த மாநிலமே வாகன் கணக்கின் வழியே உங்களுக்கு அனுப்பட்டும், நம் வண்டி அங்கே போனால் நீங்கள் அனுப்புங்கள். குறைந்தால் வித்தியாசத்தை மட்டும் வாங்குபவரிடம், இன்றைய விலையின்மேல், வசூலியுங்கள். இதற்கான கோப்பை இந்த நிதியாண்டிலேயே திறக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி கட்டும் கோவைவாசி ஒருவர்