முழுகாத கணக்கு

வாங்க மாப்ள, வாங்க. செருப்பை அங்கிட்டு விடுங்க, கோழி கொத்தும். திண்டுக்கல்லுல இருந்து சாணார்பட்டிக்கு ரோட்டை வழவழன்னு போட்டுட்டாங்க, சரி. அதுக்காக வாரத்துக்கு மூணு தரமா? செவ்வாக்கிழமை வந்தீங்க, பிள்ளை ஞாபகம்னீங்க. வியாழக்கிழமை வந்தீங்க, சார்ஜரை மறந்துட்டேன்னீங்க. இன்னிக்குச் சனிக்கிழமை. கையில சிறுமலைப் பழம் ஒரு சீப்பு, பால் பவுடர் டப்பா ஒண்ணு. பிள்ளைக்கு எழுபது நாளு. பழம் யாருக்கு, பிள்ளைக்கா? எனக்குன்னு சொல்லுங்க, மேக்கொண்டு கேள்வி கேக்கல.

அடுப்படியில பேத்திகிட்ட குசுகுசுன்னு ஒண்ணு சொன்னீங்களே, அது என் காதுல விழுந்துச்சு. எழுவத்தஞ்சு வயசுல கண்ணுதான் மங்கல், காதுக்கு இன்னும் பூட்டுப் போடல. "பால் குடுக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது"ன்னீங்க. யாரு சொன்னா? மில்லுல கூட வேலை பாக்குறவரா? அவருக்குப் பிள்ளைக எத்தனை? மூணு. என்ன படிக்குது? ஒண்ணாப்பு, யூகேஜி, எல்கேஜி. நல்ல ஆளாப் பாத்துத்தான் யோசனை கேட்டிருக்கீங்க.

முழுப் பொய்யின்னு சொல்ல மாட்டேன். பால் குடுக்குறது ஒரு பூட்டுதான். ஆனா நம்ம நாகல்நகர்ப் பட்டறையில அடிக்கிற பூட்டு மாதிரி, உள்ள லீவர் இருக்கு. மூணு லீவர். மூணும் ஒண்ணா விழுந்தாத்தான் பூட்டு. ஒண்ணு தூக்கிக்கிச்சுன்னாலும் கதவு சும்மா சாத்தி வச்சிருக்கு, அம்புட்டுத்தேன்.

பிள்ளைக்கு ஆறு மாசம் தாண்டியிருக்கக் கூடாது. பெத்தவளுக்கு இன்னும் தூரம் வந்திருக்கக் கூடாது; மொத 56 நாள் படுற கறையை அதுல சேக்கிறதில்ல. மூணாவதுதான் உங்களுக்கு வெனை. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் பிள்ளை வாயில போகக் கூடாது. அதுலயும் பகல்ல நாலு மணி நேரத்துக்கு மேல, ராத்திரியில ஆறு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விழக் கூடாது. 1988ல இத்தாலியில பெலாஜியோங்கிற ஏரிக்கரை ஊருல டாக்டருங்க கூடி உக்காந்து, இந்த மூணும் ஒழுங்கா இருந்தா நூத்துக்கு 98 பேருக்கு மேல தங்காதுன்னு சொன்னாங்க. அப்புறம் உலக சுகாதார நிறுவனத்துக்காரங்க இந்தியா, சீனா, நைஜீரியா, சுவீடன்னு ஏழு நாட்டுல 4,000த்துச் சொச்சம் தாய்மாரைத் தொடர்ந்து பாத்தாங்க. அதுலயும் அப்படித்தான் வந்துச்சு.

கிழவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதீங்க. முப்பது வருசம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆயாவா இருந்தவ நான். நர்ஸம்மாக்களுக்குப் பாடம் நடக்குறப்ப டீ கொண்டுபோய்க் குடுப்பேன். காலி டம்ளரை எடுக்க மட்டும் லேட்டாத்தான் போவேன்.

இப்ப உங்க டப்பாவுக்கு வர்றேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு புட்டி கரைச்சுக் குடுத்தா பிள்ளை விடியவிடியத் தூங்கும், பாவம் அவளும் ஓய்வெடுப்பாங்கிறீங்க. என்ன கரிசனம்! பிள்ளை சப்புறப்பதான் மூளைக்கு அடியில பட்டாணி அளவுல இருக்குற சுரப்பி பாலுக்கான ஹார்மோனை விடுது. அதே சப்புதான் கருமுட்டைக்குப் போற உத்தரவையும் மேலயே மறிச்சு வைக்குது. ராத்திரிப் பாலுக்கு அந்த வீரியம் ஜாஸ்தி. ஆக, ரெண்டு மணிக்கு வீறிட்டு அழுது உங்க தூக்கத்தைக் கெடுக்குறவன்தான் இந்த வீட்டுக் காவக்காரன். காவக்காரன் வாயில புட்டியை வச்சுத் தூங்கப் போட்டுட்டு, வீட்டுல களவு போகாதுங்கிறீங்க! முழுக்கப் புட்டிப்பாலுன்னா பிரசவமாகி 25 நாள்லயே கூட முட்டை கிளம்பிடும், தெரியும்ல?

சரி, தூரம் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். அதுவும் தப்பு. முட்டைதான் முன்னால, தூரம் ரெண்டு வாரம் கழிச்சுப் பின்னால. நத்தம் பஸ்ஸு போன பெறகுதான புழுதி கிளம்பும்? புழுதியைக் காணோமேன்னு நடுரோட்டுல பாய விரிக்கலாமா?

நீங்க மாடு வச்சிருக்குற வீட்டுப் பிள்ளை. கன்னு போட்ட மூணாம் மாசம் பசுவுக்குச் சினை ஊசி போடக் கூட்டிப் போறீகளே, அப்பப் பால் நின்னுபோச்சா? காலையில கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டுத்தான மாட்டைப் பத்திக்கிட்டுப் போறீக? மாட்டு விசயத்துல இம்புட்டு வெவரம்.

என் கதையைச் சொல்றேன், சிரிக்கக் கூடாது. உங்க மாமனாரு இருக்காரே, திண்ணையை அடைச்சு உக்காந்து பேப்பர் படிக்கிறாரே, அவருக்கு அஞ்சு மாசம் அப்ப. நாலாம் மாசமே கேப்பைக் கூழை வடிகட்டி ஊட்டியாச்சு. நான் கடலைக்காட்டுக்குக் களை வெட்டப் போயிருவேன். வேப்பமரத்துல தூளி. காலையில ஒரு வாய் பால், பொழுது சாய ஒரு வாய். பெத்த நாள்ல இருந்து தூரமே வரல. அதனால பயமில்லைன்னு நானும் இருந்தேன், உங்க அப்புச்சியும் இருந்தாரு. அவரு ரொம்பவே பயமில்லாம இருந்தாரு.

வயித்துல என்னமோ உருண்டுச்சு. வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சேன், பெருங்காயம் குடிச்சேன். அடங்கல. மருத்துவச்சிகிட்டப் போயி, "ஆத்தா, வாயுவா இருக்கு"ன்னேன். அவ வயித்துல கையை வச்சுப் பாத்துட்டு, "வாயு இல்லடி, நீ வாயும் வயிறுமா இருக்க"ன்னா.

நம்ம பாசையில ஒரு கூத்து இருக்கு மாப்ள. கர்ப்பமா இருக்கான்னு பச்சையாச் சொல்ல மாட்டோம். "முழுகாம இருக்கா"ம்போம், தூரம் வந்து தலை முழுகலைன்னு. பிள்ளை பெத்துப் பால் குடுக்குறவளும் முழுகாமத்தான் இருக்கா. எந்த முழுகாமை எதுன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு? நான் ஒரு முழுகாமையில இருந்து இறங்கி அடுத்த முழுகாமையில ஏறியிருக்கேன், நடுவுல ஸ்டாப்பிங்கே இல்ல. இப்ப அந்தக் கஷ்டம் இல்ல. மூத்திரத்துல ரெண்டு சொட்டு விட்டா கோடு காட்டிரும், பால் குடுக்குறவளுக்கும் காட்டும். அப்ப எனக்கு மருத்துவச்சி கைதான் கோடு.

அப்புறம்? பதினாலு மாசத்துல ஒரு தங்கச்சி. பால் குறைஞ்சுபோச்சு. வயித்துல ஒண்ணு இருக்கப்ப குடுத்தாப் பால் விசம்னு மருத்துவச்சி சொன்னா. வேப்பெண்ணெயத் தடவி உங்க மாமனாரை நிப்பாட்டினேன். விசமாவது ஒண்ணாவது, பால் குறையும், அம்புட்டுதான்னு ஆஸ்பத்திரிக்குப் போனப்புறந்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள அவரு கை காலெல்லாம் குச்சியாகி, வயிறு மட்டும் சுரைக்காயாட்டம் முன்னால வந்து, நாள் பூரா நைநைன்னு அழுதுக்கிட்டுக் கெடந்தாரு. பாத்தவுக எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னாக: சவலை. இன்னிக்கு நம்ப முடியுதா? பிரியாணி ரெண்டு பிளேட்டு போகுது.

அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசிங்க. கைப்பிள்ளை பால் குடிக்கையிலயே அடுத்தது வயித்துல தங்கி, பால் இல்லாம வத்திப்போற பிள்ளைக்குன்னு தனியா ஒரு பேரு. பால் குடுத்தாத் தங்காதுன்னா நம்மாளுக இந்த வார்த்தையை எதுக்குச் செஞ்சு வச்சாக? சும்மா பொழுது போகாமலா? ஆப்பிரிக்காவுல கானாக்காரவுககிட்டயும் இப்படி ஒரு வார்த்தை இருந்திருக்கு, குவாஷியார்கர்னு. தம்பி தங்கச்சி வந்ததால எறக்கி விடப்பட்ட பிள்ளைக்கு வர்ற நோவுன்னு அர்த்தம். சிசிலி வில்லியம்ஸ்னு ஒரு டாக்டரம்மா 1930கள்ல அங்க வேலை பாத்தப்ப, ஊர்ப் பொம்பளைக சொன்ன அந்தப் பேரையே நோய்க்கு வச்சு எழுதிட்டாங்க. எங்கெங்க பால் பூட்டை நம்பி ஏமாந்தாங்களோ, அங்கெல்லாம் ஒரு வார்த்தை முளைச்சிருக்கு.

எங்க காலத்துல வேற ஒரு சாதனம் இருந்துச்சு. பிள்ளை பெத்தவ அஞ்சாம் மாசம் வரைக்கும் ஆத்தா வீட்டுல. புருசன் வந்தா காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் பிள்ளையை மடியில வச்சுப் பாத்துட்டுப் போயிரணும். ராத் தங்கினா, உள் நிலைப்படியில கிழவி ஒருத்தி குறுக்கப் படுத்திருப்பா. இதுக்கு யாரும் குடும்பக் கட்டுப்பாடுன்னு பேரு வைக்கல, முக்கோணம் போடல. டூவீலர் வந்துச்சு, சாதனம் பழுதாப்போச்சு.

அதுக்காக வெவரமே இல்லாத ஊருன்னு நம்மளைச் சொல்ல முடியாது. டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்கார் மக டாக்டர் சௌந்தரம் அம்மா, சின்னாளபட்டி பக்கம் 1947ல காந்திகிராமத்தை ஆரம்பிச்சாங்க. அங்க இருந்து 1959லயே ஆத்தூர் வட்டாரத்துல வீடு வீடாப் போயி இந்தப் பேச்சைப் பேசினாங்க. 1964ல இதுக்குன்னே ஒரு பயிற்சி நிலையமும் வந்துச்சு. சிறுமலைக்கு இந்தப் பக்கம் அறுபது வருசம் கழிச்சு நீங்க மில்லுக்காரர்கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க.

என் பேத்தி வயித்துல தையல் இருக்கு, மறந்துடாதீங்க. சிசேரியன் பண்ணின வயிறு ஆற நாள் வேணும். சீக்கிரமே அடுத்தது தங்கிச்சுன்னா அந்தத் தையல் பிரசவ நேரத்துல விட்டுரும் அபாயம் இருக்கு. தையல் இல்லாட்டியும் ரத்தம் ஊற வேணாமா? ஒரு பிரசவத்துக்கும் அடுத்தது தங்குறதுக்கும் நடுவுல ரெண்டு வருசமாவது விடச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல ரெண்டாவது பிள்ளைக்கும் 18,000 ரூவா உண்டுதான். அது எங்கயும் ஓடிப் போகாது.

என்ன செய்யலாம்னு கேளுங்க, கேக்க மாட்டீங்க. காப்பர் டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ள போட்டிருக்கலாம். விட்டாச்சு, ஆறு வாரத்துக்கு அப்புறம்னா எப்ப வேணா போடலாம், டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும். மூணு மாசத்துக்கு ஒருக்கா போடுற அந்தரா ஊசி, அதுவும் பால் குடுக்குறவளுக்கு ஆறு வாரம் கழிச்சுதான். சாயான்னு ஒரு மாத்திரை, லக்னோ ஆராய்ச்சி நிலையத்துல நம்ம நாட்டுக்காரவுகளே கண்டுபிடிச்சது, 1991ல சஹேலின்னு கடைக்கு வந்துச்சு. மொத மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. பாலுக்குக் கெடுதல் இல்ல. ஆனா மெடிக்கல்ல போயி ஏதோ ஒரு மாத்திரைன்னு வாங்கிட்டு வந்துராதீங்க. தினம் போடுற மாலா மாதிரி மாத்திரை பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகுற வரைக்கும் ஆகாது.

பாருங்க, இம்புட்டையும் அவதான் போட்டுக்கணும், அவதான் முழுங்கணும். உங்க பங்குக்குன்னு ஒண்ணு இருக்கே, ஆஸ்பத்திரி வாசல்ல பெட்டியில சும்மாவே வச்சிருக்காங்களே! நான் வேலை பாத்தப்ப ஆம்பளைக வருவாக. புளியமரத்தடியில நின்னு ரெண்டு தரம் செருமுவாக. உள்ள வந்து தலைவலி மாத்திரை கேப்பாக. நான் தலைவலி மாத்திரையையும் குடுத்து, அந்தப் பொட்டலத்தையும் காகிதத்துல சுத்திக் கையில வைப்பேன். ஒருத்தரும் வேணாம்னு திருப்பித் தந்ததில்ல. நெசமாவே தலைவலின்னு வந்த ஒரு வாத்தியாரு மட்டும் பிரிச்சுப் பாத்துட்டு மறு மாசமும் வந்தாரு.

புதன்கிழமை பிள்ளைக்கு ரெண்டாம் தவணை ஊசி. லீவு போட்டுட்டு நீங்களும் கூடப் போங்க. பிள்ளைக்குப் போட்டு முடிச்சதும் நர்ஸம்மா ஓரமா உக்காரச் சொல்லும். அப்ப செருமாம வாயத் தொறந்து கேளுங்க.

இந்தா, காவக்காரன் முழிச்சுட்டான். டப்பாவை எங்க கொண்டு போறீங்க? வைங்க கீழ. அடியே, பிள்ளையத் தூக்கு, பசிக்கு அழுகுறான். மாப்ளைக்குத் திண்ணையில கயித்துக் கட்டிலப் போட்டாச்சு. கொசு கொஞ்சம் கடிக்கும், உங்க மாமனாரு கொஞ்சம் குறட்டை விடுவாரு. தாப்பாளை நான் போட்டுக்கிறேன். அந்தப் பழச் சீப்பை மட்டும் இங்கிட்டு நகத்திட்டுப் போங்க.