நாலு ஓரமும் மஞ்சள்

பழுப்பேறிய காகிதத்துக்கு இப்போது புதுக் காகிதத்தைவிட விலை அதிகம். சென்னை ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் நின்றுகொண்டு, “இன்னும் கொஞ்சம் அழுக்கா இருக்கறதைக் காட்டுங்கண்ணா” என்று என் மகள் கேட்டாள். கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “விண்டேஜா? மாடியில இருக்கும்மா” என்றார். மாடியில் காபிக் கறை, எலி கடித்த ஓரம், கரையான் அரித்த பாவனை எல்லாவற்றையும் தாளில் அச்சடித்து, அழுக்குப் படாமல் இருக்க பாலிதீன் உறை போட்டு அடுக்கியிருந்தார்கள்.

நான் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் இருக்கிறவன். காகிதம் பழுக்காமல், பூச்சி அரிக்காமல், குண்டூசித் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. கரையான் அரித்த தாளைப் பணம் கொடுத்து வாங்கி, பில்லும் வாங்கிக்கொண்டு வந்ததை மேலதிகாரி பார்த்திருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணையே வந்திருக்கும்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு எண்பது. திருக்கடையூரில் எண்பதாம் கல்யாணம். பேத்தியின் பரிசாக ஒரு ஸ்க்ராப்புக். அதில் நடுநாயகமாக 1967-இல் நடந்த முதல் கல்யாணம், எதிரெதிராக இரண்டு பக்கம், பக்கத்துக்கு 12 அங்குலச் சதுரம். தாத்தாவுக்குத் தெரியக் கூடாது என்பது நிபந்தனை.

வாங்கி வந்த கட்டைப் பிரித்தோம். பாதித் தாளில் ஈஃபில் கோபுரம். மீதியில் பல்சக்கரம், சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரம், வாடிய ரோஜா, எவரோ ஒரு பிரெஞ்சுக்காரர் எவருக்கோ எழுதிய கடிதம். அப்பா மன்னார்குடிப் பக்கத்துக்காரர். வடக்கே அவர் போன எல்லை திருப்பதி. பாரிஸ் என்றால் எங்கள் வீட்டில் பஸ் ஏறி இறங்குகிற இடம். அப்பாவின் கல்யாணத்துக்குப் பின்னணியில் ஈஃபில் கோபுரத்தை நிறுத்தினால், எங்கள் சம்பந்தி வீட்டார் இத்தனை நாள் எதையோ மறைத்துவிட்டதாக நினைப்பார்கள்.

“பழசுன்னா இப்படித்தாம்ப்பா இருக்கும்” என்றாள் மகள். யாருடைய பழசு என்று நான் கேட்டேன். பதில் இல்லை. கோபுரங்கள் எல்லாம் அடித் தாளாகக் கவிழ்த்துப் போடப்பட்டன.

இந்தக் கலையின் சூட்சுமம் அடுக்கு. அடியில் 250 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத அட்டை. அதன் மேல் பழுப்புத் தாள். அதற்கு மேல் கிழித்த ஓரத்தோடு இன்னொன்று. அதற்கு மேல் படத்தைவிடக் கால் அங்குலம் பெரிதாக ஒரு சட்டத்தாள். பிறகுதான் படம். நடுவில் ஃபோம் டேப் வைத்தால் மேல் தாள் எழும்பி நிற்கும், கீழே மெல்லிசாக நிழல் விழும். எனக்குக் கிடைத்த பதவி, தாள் கிழிப்பது. அச்சிட்ட பக்கம் மேலே இருக்க, நம் பக்கமாக இழுத்துக் கிழித்தால் கையில் வரும் துண்டின் ஓரத்தில் உள் வெள்ளை தெரியும். இதைப் புரிந்துகொண்டு நான் கிழித்துக் கொடுத்தால், “கிழிஞ்ச மாதிரி இருக்கணும்ப்பா, கிழிச்ச மாதிரி இருக்கக் கூடாது” என்று திருப்பி அனுப்புவாள். கோப்பு திரும்பி வருகிற வலி எனக்குப் பழக்கம்தான்.

அடுத்தது சாயம். போதாத பழுப்பைக் கூட்ட, பில்டரிலிருந்து முதல் டிகாக்‌ஷனை எடுத்துப் பிரஷ்ஷால் தாளில் பூசினாள். பூசிய தாள்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். எதிர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, “என்னாங்க, வீட்டுப் பத்திரம் நனைஞ்சிபோச்சா?” என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். என் அம்மாவுக்கு வேறு துக்கம். “முதல் டிகாசனையாடி ஊத்துனே? ரெண்டாவது எதுக்கு இருக்கு?” அன்று மாலை அப்பாவுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். அவர் ஒன்றும் கேட்காமல் குடித்தார். ரகசியம் அப்போதே போய்விட்டது என்பது என் ஊகம்.

உத்தியோக முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டீயும் காபியும் அமிலம். முதலில் அழகுக்குப் பழுக்கும், பிறகு தாள் நிஜமாகவே பழுத்து ஓரம் உதிரும். ஆகவே அசல் படத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கலர் ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு, மெல்லிய தாள் சுருங்கும்; குச்சிப் பசையே போதும். அம்மா ஒரு பிடி சோற்றைப் பிசைந்து பசையாக நீட்டினார். அதைத் தொட்டால் வெள்ளிப்பூச்சிக்குத் தினமும் விருந்து. சுவரொட்டிக்கு மைதா காய்ச்சுகிறவர்கள்கூட அதற்காகத்தான் மயில்துத்தம் கலக்கிறார்கள்.

வீடே இரண்டுபட்டது அதற்குப் பிறகுதான். விண்டேஜ் பக்கத்துக்கு ஓரம் கருமையாக இருக்க வேண்டுமாம். மகள் கறுப்பு மையைப் பஞ்சில் தொட்டு நாலு ஓரமும் தேய்த்து, திருப்தியோடு தூக்கிக் காட்டினாள். அம்மா பார்த்தார். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“கல்யாணத்துக்குக் கருமாதிப் பத்திரிகையாடி அடிக்கிறே?”

எனக்கும் சுரீர் என்றது. ஓரத்தில் கறுப்பு தடவிய கடிதம் வந்தால், பிரிக்காமலே அழத் தொடங்கிய தலைமுறை அது. “அப்பாயி, இதுக்குப் பேரு டிஸ்ட்ரஸ் இங்க்” என்றாள் மகள். அவளுக்குத் தெரியாமலே சரியான பெயரைத்தான் சொன்னாள். அந்தத் தாள் உடனே கிழிக்கப்பட்டது. அதையும் கிழித்த மாதிரி இல்லாமல் கிழித்தார் அம்மா.

பிறகு அவரே மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். புதுத் தாளின் நாலு மூலையிலும் விரலால் தொட்டு ஓரம் வரை இழுத்தார். துரு நிறம் வேண்டும் என்றாள் பேத்தி. மஞ்சளில் துளி சுண்ணாம்பு போட்டார், ஆரத்திச் சிவப்பு வந்துவிட்டது. அதே நிறத்துக்கு ஆண்டர்சன் தெருவில் ஒரு டப்பா மை என்ன விலை என்று எனக்குத் தெரியும். ஒரே குறை, மஞ்சள் வெயிலில் வெளுக்கும். ஆல்பத்தை மூடி வைத்தால் கவலை இல்லை.

அதிலிருந்து நிர்வாகம் அம்மா கைக்கு மாறியது. தாளை விசிறியாக மடித்து வட்டமாக்கி ‘ரோசட்’ செய்யப் பேத்தி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அதை வாங்கி, கொசுவம் எடுக்கும் கையாலேயே இம்மி பிசகாமல் மடித்து, நடுவில் நூல் கட்டிக் கொடுத்தார். நைந்த முகூர்த்தப் புடவையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு ஜரிகை வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய நெட்டி மாலையை அவிழ்த்ததில் பூ வந்தது. “மூணோ அஞ்சோ வைக்கணும் அப்பாயி, நாலு வைக்கக் கூடாது” என்றாள் மகள். “மொய்க்கே ஒத்தப்படைதான்டி வைப்போம்” என்றார் அம்மா.

மார்க் ட்வைன் 1873-இல் தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்க்ராப்புக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கத்தில் முன்பே பசை தடவியிருக்கும். ஈரம் தொட்டு ஒட்ட வேண்டியதுதான். ஓர் எழுத்தாளர், ஒரு வரிகூட எழுதாத புத்தகத்தை விற்றுக் காசு பார்த்தார் என்று எனக்கு அவர் மேல் தனி மரியாதை. ஆனால் இந்தக் கலை மேல்நாட்டுச் சரக்கு, நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அந்த லட்சுமி, சரஸ்வதி படங்கள் வீடுகளுக்கு வந்ததும் பெண்கள் என்ன செய்தார்கள்? துணி வெட்டிப் புடவை உடுத்தி, ஜரிகையும் ஜிகினாவும் தைத்து, பிறகுதான் கண்ணாடிக்குள் போட்டார்கள். அடுக்கு, அலங்காரம், சட்டம் எல்லாம் அதில் இருந்தது. ஃபோம் டேப் ஒன்றுதான் பாக்கி.

கடைசியில் அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அந்தக் கல்யாணத்தின் மொய் நோட்டு. ஒரு ரூபாய், ஓர் எவர்சில்வர் டம்ளர் என்று பழுத்த தாளில் நீல மை. நண்பர்கள் அச்சடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்த வாழ்த்து மடல். ஒரு வாழ்த்துத் தந்தி. அந்த நாளில் வாழ்த்து வாசகங்களுக்கு எண் உண்டு. தபாலாபீசில் எண்ணைச் சொன்னால் போதும், பாசம் முழு வாக்கியமாகப் போய்ச் சேரும். 2013 ஜூலையோடு அந்தத் தந்திச் சேவையே நின்றுவிட்டது. அடியில் கறுப்புப் பக்க ஆல்பம், நடுவில் சிலந்திவலைக் கோலம் போட்ட மெல்லிய தாள், படங்களை மூலையில் பிடித்திருக்கும் முக்கோணக் கவ்விகள். மகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “அப்படியே விண்டேஜ் மாதிரியே இருக்குப்பா!” என்றாள்.

டிகாக்‌ஷன் தாள்களும் பிரான்சும் அட்டைக்கு அடியில் போயின. மேலே மொய் நோட்டின் ஜெராக்ஸ், அதன் மேல் தந்தி, அதன் மேல் குடும்பப் படம்.

படத்தின் கீழே பெயர் எழுதும்போது வந்தது சிக்கல். நடுவரிசையில், மாப்பிள்ளைக்கு நேர் பின்னால், கோட்டுப் போட்ட ஒருவர். மே மாதத்துக் கல்யாணத்துக்குக் கோட்டு. மாமனாரே ஓரத்தில் நிற்க, இவர் நடுவில் நிற்கிறார். அம்மா, “உங்க தாத்தா வூட்டு ஆளு” என்றார். அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். “பொண்ணு வூட்டுக்காரரு” என்றார் அவர். மொய் நோட்டிலும் கோட்டுக்குத் தகுந்த தொகை எதுவும் இல்லை. ‘உறவினர்’ என்று எழுதி, அவர் முகத்தில் பாதியை நெட்டிப் பூவால் மறைத்திருக்கிறாள் மகள்.

எனவே வாசகர்களுக்கு ஒரு பதிவறைக்காரனின் வேண்டுகோள். வீட்டில் பழைய படங்கள் இருந்தால் இன்றைக்கே எடுத்து, விவரம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பின்பக்கம் மெத்தென்ற பென்சிலால் பெயரும் ஊரும் வருஷமும் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். 1967 மே மாதம் மன்னார்குடிப் பக்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போன பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், தயவுசெய்து தகவல் சொல்லுங்கள். இடம் விட்டு வைத்திருக்கிறோம்.