தப்பா எடுத்துக்கிடாதீங்க

கோவில்பட்டியில் நான் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, மாடிப்படிக்குக் கான்கிரீட் போட்டு, பதினெட்டு நாள் தண்ணீர் விட்டு, பலகை பிரித்த அன்று காலை சின்ன மாமனார் வந்து இறங்கினார். கையில் ஒரு பை கடலைமிட்டாய். கோவில்பட்டிக்கே கடலைமிட்டாய் வாங்கி வருகிற மனிதர்.

வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார். சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். சூரியனைப் பார்த்துத் திசையை உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு என் தோளில் கை போட்டு, "மாப்ள, ஒரு கருத்து சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றார்.

இந்த வாக்கியம் காதில் விழுந்ததுமே தப்பாக எடுத்துக்கொள்ளத் தயாராகிவிட வேண்டும். நல்ல விஷயம் எதையும் யாரும் இப்படி ஆரம்பிப்பதில்லை. 'தப்பா எடுத்துக்கிடாதீங்க, உங்களுக்கு ஒரு லட்ச ரூபாய் தரலாம்னு இருக்கேன்' என்று சொன்ன மாமனார் தமிழ்நாட்டில் உண்டா?

"ஈசானிய மூலையில படி வரலாமா?"

வரலாமா என்றால்? வந்து பதினெட்டு நாளாயிற்று. நான் கொத்தனாரைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "அண்ணாச்சி, கான்கிரீட் போடுததுக்கு முன்ன சொன்னா அது அபிப்பிராயம். போட்ட பெறகு சொன்னா கருத்து."

சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு பெரிய தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகன் போட்டிருக்கிறது. அதைத் தொகுத்த புலவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த இரண்டு சொற்களையும் பிரிப்பதில் கரண்டி பிடித்த இந்த மனிதருக்கு நிகராக யாரையும் நான் பார்த்ததில்லை.

அபிப்பிராயம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு நோக்கம், உள்ளத்தில் கொண்ட எண்ணம் என்று பொருள். அதாவது, காரியம் நடப்பதற்கு முன்னால் இருக்க வேண்டிய சரக்கு. அந்தச் சொல் முழு மரியாதையோடு உட்கார்ந்திருந்த இடம் ஒன்று எனக்குத் தெரியும்: பெண் பார்க்கும் வீட்டுக் கூடம். கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் முடிந்து ஏப்பம் அடங்கியதும் பெண் வீட்டில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப, உங்க அபிப்பிராயத்தைச் சொன்னீங்கன்னா..." என்று இழுப்பார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "ஊருக்குப் போயிக் கலந்து பேசிட்டு லெட்டர் போடுதோம்" என்பார்கள். எனக்குப் பெண் பார்த்தபோதும் அப்படித்தான். என் அப்பாவுக்கு அபிப்பிராயம் இருந்தது, பெரியப்பாவுக்கு இருந்தது, கூட வந்த தரகருக்கு இரண்டு இருந்தன. என்னிடம் கேட்டது கேசரியைப் பற்றி மட்டும்தான். அன்றைக்குத் தொண்டையைச் செருமி அபிப்பிராயம் கேட்ட பெரியவர் யார் என்கிறீர்கள்? இன்றைக்குச் சுவரைத் தட்டிப் பார்த்த இதே சின்ன மாமனார்.

கருத்து நம் வீட்டுச் சொல். எழுது எழுத்தானது போல, கருது கருத்தானது. முன்பெல்லாம் அது வாயில் இருந்ததைவிட வேலையில்தான் அதிகம் இருந்தது. பிள்ளையைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார்கள் என்றால், பிள்ளைக்குக் கருத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. கவனம் என்று அர்த்தம். அந்த அர்த்தத்தில்தான் ஆறாம் வகுப்பு வாத்தியார் என் மதிப்பெண் அட்டையில் 'படிப்பில் கருத்து இல்லை' என்று எழுதினார். அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் கரிசல் காட்டில் கதிரைக் கருது என்போம்: கம்மங்கருது, சோளக்கருது. காது கொஞ்சம் மந்தமான அப்பத்தா வெற்றிலை உரலை நிறுத்திவிட்டு, "இந்த வருசம் யாரு காட்டுலதான் கருது வாங்கியிருக்கு? மழையே இல்லையே, புள்ளை என்ன செய்வான்" என்றாள். அட்டையில் கைநாட்டு வைத்ததும் அவள்தான்.

அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பில் பிரித்தெழுதுக நடந்தது. ஊர்ச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' வாசகமுமாக இருந்த காலம். சுவரில் படித்த சொல்லைப் பிரித்துக் காட்டினால் வாத்தியார் மெச்சுவார் என்று நினைத்து, நானே எழுந்து, "கருத்தடை, கருத்து கூட்டல் அடை" என்றேன். இலக்கணப்படி அதில் என்ன பிழை? அவர் விளக்கவில்லை, நடு மண்டையில் குட்டினார். கரு கூட்டல் தடை என்று எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. ஆனால் இன்று மாலை நேரத்துத் தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு பேர் ஒரே சமயத்தில் கத்துவதைப் பார்க்கும்போது, என் பிரிப்பிலும் ஒரு பொதுநலத் திட்டத்துக்கு இடம் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

இந்த விவாதங்கள் வந்த பிறகு கருத்துக்கு இன்னொரு விபத்து நேர்ந்தது. சொந்த வீடு, சொந்தக் காசு, சொந்த ஊர் என்று 'சொந்த' சேர்ந்தால் எதற்கும் மதிப்புக் கூடும் மொழி இது. கருத்துக்கு மட்டும் நேர்மாறு. கட்சிக்காரர் ஒருவர் மேடையில் எதையாவது சொல்லிவிடுகிறார். மறுநாள் தலைமை அறிக்கை விடுகிறது: 'அது அவருடைய சொந்தக் கருத்து.' அந்த நிமிடமே கருத்து அனாதையாகிவிடும். பெற்றவரும் அடுத்த நாள், 'நான் சொன்னது திரிக்கப்பட்டுவிட்டது' என்று பிள்ளையைக் கைகழுவிவிடுவார்.

அரசாங்கம் மட்டும் இந்தச் சொல்லை ஜாக்கிரதையாகக் கையாள்கிறது. பெரிய ஆலை, சுரங்கம் என்றால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். முப்பது நாளாவது முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு, ஆட்சியரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ தலைமை, பேசியதையெல்லாம் எழுதி அங்கேயே வாசித்துக் காட்டுவது என்று முறை உண்டு. அதற்குப் பெயர் கருத்துக் கேட்புக் கூட்டம். பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். கேட்பு என்றுதான் சொன்னார், ஏற்பு என்று சொல்லவில்லை.

தேர்தலிலும் இப்படித்தான். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குத் தொலைக்காட்சியில் கருத்துக் கணிப்புக் காட்டக் கூடாது. வாக்களித்து வெளியே வந்தவர்களைக் கேட்டு எடுக்கிற கணிப்பையும் கடைசி வாக்கு விழும்வரை வெளியிடக் கூடாது; மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. (2004-இல் பெரும்பாலான கணிப்புகள் கவிழ்ந்தன என்பது வேறு கதை.) நாட்டுக்கே இத்தனை பாதுகாப்பு இருக்கிறது. வீடு கட்டுகிறவனுக்கு, கான்கிரீட் இறுகுகிற 28 நாளுக்காவது சொந்தபந்தம் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு பிரிவு இல்லை.

மாமா அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது என் மனைவியிடம், "மாப்ளைகிட்ட எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு தாயி, சொன்னாத்தான் கேக்க மாட்டாரு" என்றாராம். படியை இடிக்க ஆகும் செலவைக் கொத்தனார் ஒரு சிமெண்ட் மூட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார். தாளைப் படித்து முடிக்கும் முன்பே எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை போய்விட்டது. படி நின்றது.

இப்போது மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மகனுக்கு வெளியூரில் வேலை, எங்களோடுதான் இருக்கிறார். சித்திரை மாதத்தில் மின்சாரம் போனால் வீட்டுக்குள் இருக்க முடியாது. டம்ளரைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் அந்த ஈசானிய மூலைப் படியில், மூன்றாவது படியில் உட்கார்ந்துகொள்வார். போன வாரம் நானும் கீழே ஒரு படியில் உட்கார்ந்திருந்தேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"காத்து இங்கதான் நல்லா வருது."

நான் எதுவும் பேசாமல் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்.

"அது என் சொந்தக் கருத்து மாப்ள."