கோட்டுப் புணரியல்: புஞ்சாக் ஆலாம் கள ஆய்வு

இரு புள்ளிகளைக் கோட்டால் சேர்க்க யூக்ளிட் முதல் அடிகோளிலேயே அனுமதி தந்துவிட்டார். கோட்டோடு கோட்டை ஒட்டுவதற்கு அவரிடம் அடிகோள் இல்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இந்த ஆய்வு. களம்: புஞ்சாக் ஆலாமில் ஒரு கடைவீட்டு மாடி; அடுப்படியைப் பின்பக்கம் நீட்டுவோருக்கு பிளான் வரையும் அலுவலகம். கீழே மாமாக் கடை இருந்ததால் ஆய்வு சற்றே நீண்டது.

நேர்கோடு இவ்வட்டாரத்தின் பரம்பரைச் சொத்து. ரப்பர் காலத்தில் நம்மவர்கள் பெரட்டில் வரிசையாக நின்றார்கள், நிரை பிடித்துப் பால் வெட்டினார்கள், லயத்தில் வரிசையாகக் குடியிருந்தார்கள். பின்னால் வந்த செம்பனைக்கு 9 மீட்டர் முக்கோண நடவு. ஹெக்டருக்கு ஏறத்தாழ 142 மரம். இப்போது தாமானில் தொடர்வீடு. ஆகவே இங்கே கோடு சேரவில்லை என்றால் அது வரலாற்றுப் பிரச்சினை.

பிரச்சினை இதுதான். ஆட்டோகேட் திரையில் அடுப்படியின் நான்கு கோடுகளும் மூலையில் தொட்டபடி நிற்கும். ஹேட்ச் போட்டால், எல்லை மூடவில்லை என்று மறுக்கும். நம் கண்ணுக்குத் தொட்டால் போதும். கணினிக்கு இரு முனைகளின் ஆயத்தொலைவும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

நன்னூலாரின் புணர்ச்சி விதிகள் இவ்விடத்தில் அப்படியே பொருந்துகின்றன. முனையும் முனையும் பிசகாமல் சந்தித்தால் இயல்புப் புணர்ச்சி: 2006 பதிப்பில் வந்த ஜாயின் கட்டளை போதும். ஒரே நேர்கோட்டில் கிடக்கும் துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தாலும் அது சேர்த்துவிடும். இதைப் புறனடை எனக் கொள்க. மூலையில் இடைவெளி இருந்தால் விகாரம். பிஎடிட் கொடுத்து, மல்டிபிள் என்று சொல்லி, எல்லாக் கோட்டையும் ஒரே வளைப்பில் தேர்ந்து, ஜாயின் கேட்க வேண்டும். சாதாரணக் கோடு பாலிலைன் ஆவது திரிதல். இடைவெளியில் புதுத் துண்டு முளைப்பது தோன்றல். மிஞ்சிய வால் வெட்டுப்படுவது கெடுதல்.

‘இது பாலிலைன் அல்ல, ஆக்கட்டுமா?’ என்று பிஎடிட் ஒரு கேள்வி கேட்கும். ஆளை எதிரில் பார்த்த பிறகும் பேர் கேட்கிற கிராணி மாதிரி. பிஎடிட்அக்செப்ட் என்பதை 1 ஆக்கினால் வாயை மூடிக்கொள்ளும்.

இந்த ஆய்வின் உயிர், ஜாயின் கேட்கும்போது பிஎடிட் கேட்கும் ஃபஸ் டிஸ்டன்ஸ் என்னும் அளவில் இருக்கிறது: எவ்வளவு இடைவெளி வரை மன்னிப்பது? 1 மில்லிமீட்டர் கருமித்தனம். 150 கொடுத்தால் ஆபத்து. இங்கே அரைச்செங்கல் சுவரின் கனம் 115 தான், கதவுத் திறப்பில் உள்முகக் கோடும் வெளிமுகக் கோடும் கைகோத்துக்கொள்ளும்.

இனி, புணராதவை. நிலஅளவையிலிருந்து வந்த கோடுகள் சில, மேலிருந்து பார்க்க ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஒன்று தரையில், இன்னொன்று கூரை உயரத்தில். இசட் அளவைச் சுழியமாக்காமல் இவற்றுக்குள் சம்பந்தம் பேசுவது வீண். ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்திருக்கும் இரட்டைக் கோடுகள் வேறு வகை. இரட்டைக்கிளவியைப் பிரிக்கக் கூடாது என்பது இலக்கணம். இங்கே ஓவர்கில் கட்டளையால் முதலிலேயே ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும்.

மாடியில் வரையும் தம்பி மாற்றுக் கட்சி. “ஒட்டிக்கிட்டு கிடக்கிறத விட, புதுசா பாலிலைன் இழுத்துடலாம்ணே.” நான்கு கோட்டுக்கு அவர் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு தோட்டத்தின் எல்லை முழுவதையும் அப்படி இழுக்க உட்கார்ந்தால் சம்பள நாள் வந்துவிடும்.

மூன்றாவது கட்சி கீழே தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தது. கட்டட கன்ட்ராக்டர். “கோடு சேந்தா என்ன, சேராட்டி என்ன? நான் செங்கல் வச்சுப் பூசிடுவேன்.”

இந்தக் கொள்கையை மறுக்க நன்னூலில் சூத்திரம் அகப்படவில்லை. உங்கள் பூச்சு எவ்வளவு இடைவெளி வரை தாங்கும் என்று மட்டும் கேட்டேன்.

“ரெண்டு இஞ்சு வரைக்கும் டென்ஷன் வேணாம் லா.”

மாடிக்குப் போய் ஃபஸ் டிஸ்டன்ஸ் 50 என்று போட்டோம். சேர்ந்துவிட்டது.