பி.ஏ. தமிழ், நல்ல குணம், வேலை தேடுகிறார்

நாகர்கோவில் பக்கம் அறிமுகம் என்றால் மூன்று கேள்விதான்: யாருக்க மவன், என்ன படிப்பு, எங்க வேலை. முதலாவதில் எனக்கு முழு மதிப்பெண். இரண்டாவதற்கு ‘பி.ஏ. தமிழ்’ என்பேன். மூன்றாவதை அதன்பிறகு யாரும் கேட்பதில்லை. அன்று வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, துக்கம் விசாரிப்பதுபோல என் தோளைத் தொட்டார்: “போட்டும் மக்கா, எல்லாம் சரியாவும்.”

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்துக்கே முதலிடம் எங்கள் மாவட்டம். ஆக, எழுதப் படிக்கத் தெரியும் என்பதை இங்கே தகுதியாகச் சொல்லவும் முடியாது.

என் விழுமியங்கள்: நேர்மை, மனிதநேயம், சந்திப்பிழை பொறுக்காமை. கல்யாண ஃபிளெக்ஸில் ‘திருமண பெருவிழா’ என்று ஒற்றைத் தின்றிருந்தால் எனக்குப் பந்தியில் அவியல் இறங்காது.

லட்சியம், எழுத்தாளர் ஆவது. இடைஞ்சல் என் பட்டம்தான். சுந்தர ராமசாமி பள்ளிப் படிப்பையே முடிக்காமல் துணிக்கடை நடத்தினார். நாஞ்சில் நாடன் படித்தது கணிதம். தமிழில் எழுத வேண்டுமானால் மறந்தும் தமிழில் பட்டம் வாங்கிவிடக் கூடாது என்பது நான் தாமதமாகப் படித்த பாடம்.

ஆகவே குரூப் 4. கவிமணி பிறந்த ஊர் எது என்று கேட்டு நான்கு விடை தருவார்கள். தேரூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவன் நான். அந்த ஒன்றரை மதிப்பெண் உறுதி. மீதி 298.5-க்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.