உள்ளே இருப்பது என்ன?

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு மாடி அறையிலிருந்து யூடியூப் சேனல் நடத்தும் 'தம்நெயில் அண்ணன்' பொய் பேச மாட்டார். வீடியோவுக்குள் அவர் சொல்வதெல்லாம் உண்மைதான். தலைப்புக்கு மட்டும் அவர் பொறுப்பில்லை.

ஒற்றியூர் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் கவசத்தைத் திறந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அண்ணன் போட்ட தலைப்பு: 'மூன்றே நாள் திறக்கும் மர்மம்! உள்ளே இருப்பது என்ன?' உள்ளே இருப்பது சாமி. அதைச் சொல்ல ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். எட்டு நிமிடத்தைத் தாண்டிய வீடியோவில்தான் நடுவிலும் விளம்பரம் செருக முடியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வஞ்சிரம் விலை ஏறும். வருஷா வருஷம் நடப்பது. அண்ணனுக்கு அது வருஷா வருஷம் 'காசிமேட்டில் திடீர் பரபரப்பு! கதறும் மக்கள்!' பக்கத்தில் சிவப்பு வட்டம், அம்புக்குறி, இரண்டு கன்னத்திலும் கைவைத்து வாய் பிளந்த அண்ணன் முகம். அந்த முகம் என்றைக்கோ ஒரே தடவை எடுத்தது. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்தும் அதே வாய்தான் பிளந்தது.

மீன் விற்கும் அக்கா ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார். "யார்பா கதறனது? காலைலேர்ந்து நாந்தான் இங்க குந்தினுகீறேன்."

"அது வியூஸுக்குக்கா."

இது அண்ணன் கண்டுபிடித்த வித்தை இல்லை. பெட்டிக்கடை வாசலில் மாலைப் பத்திரிகை போஸ்டர் தொங்கிய காலத்திலேயே 'பிரபல நடிகர் கைதா?' என்று கேள்விக்குறி போட்டு விற்றிருக்கிறார்கள். அப்போது காசு கொடுத்து ஏமாந்தோம். இப்போது டேட்டா.

வேடிக்கை என்னவென்றால், வடசென்னையில் நிஜமான செய்திக்குப் பஞ்சமே இல்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, கோரமண்டல் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுமுட்டி வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில்.

அன்றைக்கு அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் திணறிப்போனார். 'பரபரப்பு', 'கதறல்' இரண்டும் வஞ்சிரத்துக்குச் செலவாகிவிட்டன. 'மர்மம்' கோயிலுக்குப் போய்விட்டது. கடைசியில் 'எண்ணூரில் வாயுக் கசிவு' என்று மொட்டையாகப் போட்டார். விஷயத்தை உள்ளபடி சொன்ன அவருடைய ஒரே தலைப்பு அதுதான். வழக்கமான பார்வையாளர்களில் பலர் அதைத் தொடவே இல்லை.

2024 டிசம்பரில், வீடியோவுக்குள் இல்லாததைத் தலைப்பிலும் தம்நெயிலிலும் காட்டினால் வீடியோவை நீக்குவோம், இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்கப் போகிறோம் என்று யூடியூப் அறிவித்தது. அண்ணன் அறிவிப்பை முழுக்கப் படித்தார். ராத்திரியே வீடியோ ஏறிவிட்டது: 'யூடியூப்புக்கு மூடுவிழாவா? கதறும் சேனல்கள்!'